மேடம் மௌனத்தின் அலறல்

இயக்குநர் மேடையேற இன்னும் ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. நான் அவருடைய துப்பாக்கிச் சத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

படத்தின் பெயர் 'முக்கால் உளவாளி'. அறுபதுகளில் உளவாளிப் படங்கள் சக்கைப்போடு போட்டபோது, அவற்றைக் கிண்டல் செய்து வந்த படங்களில் ஒன்று. நாயகன் ஏஜென்ட் முக்கால். எந்த வேலையையும் முக்கால்வாசிதான் முடிப்பான். பூட்டைத் திறப்பான், கதவைத் திறக்க மறந்துவிடுவான். குண்டில் இருக்கும் நான்கு கம்பிகளில் மூன்றை வெட்டிவிட்டுச் சாப்பிடப் போவான். வில்லன் டாக்டர் கண்ணாடி, உலகத்தையே உறைய வைக்கும் திரவத்தை ஒரு கண்ணாடித் தொட்டியில் வைத்திருப்பவன். அவனுடைய வலது கை, மேடம் மௌனம். படம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டாள். டாக்டர் தன் திட்டத்தை எதிரியிடம் விளக்க வாயெடுக்கும்போதெல்லாம், அவன் பின்னால் நின்று உதட்டில் விரலை வைப்பாள். சொல்லாதே. அவன் சொல்வான். அரங்கு சிரிக்கும்.

கடைசியில் ஒரு துப்பாக்கி அவள் காதருகே தவறுதலாக வெடிக்கும். முதல்முறையாக அவள் வாயைத் திறப்பாள். அந்த அலறலில் அவளுடைய பொய்முடி பறக்கும், தொட்டி நொறுங்கும், திரவம் டாக்டர் தலையிலேயே கொட்டும், உலகம் பிழைக்கும். ஐம்பது வருடமாக அந்த இடத்துக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கிறார்கள். சிலர் கூடவே சேர்ந்து அலறுகிறார்கள்.

திரையில் வாயைத் திறப்பவர் ஒரு நடிகை. அலறியது என் அத்தை. அது நடிப்பு இல்லை.

அத்தைக்கு அப்போது இருபது வயது. படக் கம்பெனியின் ஒலி அறையில் வேலை. திரையில் படம் ஓடும். நாயகி நடந்தால் அத்தை நடக்க வேண்டும். நாயகியின் துணி சரசரத்தால் அத்தை துணியைக் கசக்க வேண்டும். நாயகி மூச்சு வாங்கினால் அத்தையும் வாங்க வேண்டும். மரத்தரை சத்தம் போடாமலிருக்க வெறுங்கால். மைக்குக்கு முன்னால் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். அதை விட்டு நகரக் கூடாது. வெற்றுத் தோட்டா சுடுவதாக இருந்தால், சுடுபவர் முதலில் மேசையை இரண்டு முறை தட்ட வேண்டும். எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். பிறகுதான் சுட வேண்டும்.

அன்று யாரும் தட்டவில்லை. அத்தையின் இடது காதுக்குள் ஏதோ வெடித்தது. கண் விழித்தபோது தரையில் கிடந்தாள், குறியிலிருந்து நாலடி தள்ளி.

அதன்பிறகு அந்தக் காதில் வெளிச்சத்தம் எதுவும் நுழையவில்லை. ஒரு ரீங்காரம் மட்டும் நிற்காமல் கேட்கிறது. "ஒரு கொசு குடிவந்திருக்கு. வாடகையும் குடுக்காது, காலியும் பண்ணாது" என்பாள்.

கம்பெனி விசாரணை வைத்தது. அதில் இயக்குநர் சொன்னார்: நான் மேலே, ஒலிப்பதிவைக் கவனிக்கும் கண்ணாடி அறையில் இருந்தேன். துப்பாக்கிக்காரர் துப்பாக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்தான் குறியை விட்டு நகர்ந்து அவர் பக்கம் போய்விட்டது. அதிர்ஷ்டவசமாக டேப் ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். அவர் இப்போது இல்லை. குறியில் நிற்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிய பெண்ணை அதன்பிறகு எந்த ஒலி அறையும் சேர்க்கவில்லை.

காது போனதைப் பற்றி அத்தை அதிகம் பேசமாட்டாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. வெடிப்பதற்கு முந்தைய ஒரு நிமிடம் அவள் நினைவில் இல்லை. நான் நகரவே இல்லை என்று ஒருநாள் சொல்வாள். நகர்ந்திருப்பேனோ என்று மறுநாள் கேட்பாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது கை நின்றுவிடும். "திரைல அவ முன்னாடி வந்தா, நானும் ஒரு அடி வச்சுட்டேனோ?"

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கேட்ட ஒவ்வொரு முறையும் இயக்குநருக்கு ஒரு கொசுவை நேர்ந்து விட்டிருக்கிறேன்.

இயற்பியல் படித்துவிட்டு இந்தத் திரைப்படக் காப்பகத்தில் பழைய ஒலிச்சுருள்களைச் சரிசெய்யும் வேலைக்கு வந்தது பழிவாங்குவதற்காக அல்ல. வேறு வேலை கிடைக்கவில்லை. ஆனால் 'முக்கால் உளவாளி' புதுப்பிக்க வருகிறது என்று கூட்டத்தில் சொன்னபோது, வாழ்க்கையில் முதல்முறையாகக் கையைத் தூக்கினேன். "நான் செய்யட்டுமா?" என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. தலைமை அதிகாரி அம்மா, யார் பேசியது என்று சுற்றிப் பார்த்தார்.

அசல் சுருள் ஒரு துருப்பிடித்த டப்பாவில், வினிகர் வாடையோடு வந்தது. படத்தில் சேர்த்தது அலறலை மட்டும்தான். சுருளில் அதற்கு முன்னும் பின்னும் இருந்தது.

முதலில் அறையின் இரைச்சல். பிறகு அத்தையின் மூச்சு. சீரான, இருபது வயது மூச்சு. அதுவும் நின்று சில நொடிகள் ஒன்றுமில்லை. மேசையைத் தட்டும் ஓசை இல்லை. காலடி இல்லை. பிறகு வெடி. என் கணினித் திரையில் அந்த அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருந்தது, டேப்பே தாங்கவில்லை. பிறகு அலறல். ஓர் உடம்பு தரையில் விழும் ஓசை. அதன்பிறகு ஓர் ஆண் சிரித்தான்.

எனக்குத் தெரிந்த சிரிப்பு. அவருடைய பேட்டிகளில் எத்தனையோ முறை கேட்டது.

படச்சட்டங்களில் கீறல் நீக்குபவன் பக்கத்து மேசைக்காரன். கதவு நிலையில் தினமும் தலையை இடித்துக்கொள்வதால் எல்லோரும் அவனை நெட்டையன் என்போம். அத்தை கதை தெரிந்தவன் அவன் மட்டும். ஹெட்போனை அவனிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டு மெதுவாகக் கழற்றினான்.

"மாட்டினாரு மனுஷன்!"

"மாட்டல. மேல கண்ணாடி ரூம்ல இருந்து சிரிச்சாலும் ஸ்பீக்கர் வழியா கீழ மைக்ல விழும்."

"உங்க அத்தை நடந்த சத்தம் இல்லையே?"

"வெறுங்கால்."

"மூச்சு நின்னுச்சே, அது?"

"மூச்சப் பிடிச்சிருக்கலாம். மைக்க விட்டுத் தள்ளிப் போயிருக்கலாம். துப்பாக்கி காதுகிட்ட வெடிச்சது எல்லாருக்கும் தெரியும். அத்தை துப்பாக்கிகிட்ட போனாங்களா, துப்பாக்கி அத்தைகிட்ட வந்துச்சா, அத டேப் சொல்லாது."

"ரயில்ல உக்காந்துட்டு மரம் ஓடுதுன்னு சொல்ற கதையா இருக்கு."

"அதேதான்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஒண்ணு பண்ணு. அந்தச் சிரிப்ப வெட்டாத. அலறல் முடிஞ்சதும் அப்படியே விட்டுரு. அரங்கமே கேக்கட்டும்."

நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். ஒரு ராத்திரி முழுக்க நினைத்துச் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். "கேட்டா என்ன ஆகும் தெரியுமா? இது காமெடிப் படம். எல்லாரும் கூடச் சேர்ந்து சிரிப்பாங்க."

நெட்டையன் நாற்காலியைத் தன் மேசைக்கே தள்ளிக்கொண்டு போனான்.

அன்று மதியம் இயக்குநரே வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய ஷூ வந்தது. கிறீச், கிறீச். எண்பது வயதிலும் அதை மாற்றவில்லை. 'நான் வருகிறேன் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும், அதனால்தான் அந்த ஷூ' என்று பேட்டிகளில் பெருமையாகச் சொல்வார். கூடவே மகள் வந்தார். அவர் வழக்கறிஞர், கறுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 

"அந்த அலறலப் போடும்மா" என்றார் இயக்குநர்.

போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். "வெண்ணெய் மாதிரி இருக்கு. நல்லா பண்ணிருக்க."

அவர் பாராட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பது, சூடான பாத்திரத்தை வெறுங்கையால் பிடிப்பதுபோல் இருந்தது. "அலறினது யாரு சார்?" என்று கேட்டேன். கீபோர்டைப் பார்த்துக்கொண்டுதான்.

"யாரோ ஒரு பொண்ணு. பேரெல்லாம் ஞாபகமில்ல."

நான் விசைகளிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டேன்.

"யாருங்கறது முக்கியம் இல்லம்மா" என்று அவர் முன்னால் சாய்ந்தார். "எப்படி வாங்கினேன்ங்கறதுதான் முக்கியம். வெளிநாட்டுக்காரங்க எல்லாம் வந்து கேட்டாங்க. எந்த நடிகையாலயும் இப்படி அலற முடியாது, எப்படி எடுத்தீங்கன்னு. அன்னிக்கு நான்..."

"அப்பா" என்றார் மகள். விரல் உதட்டில் இருந்தது.

அவர் நின்றார். சிரித்தார். சுருளில் இருந்த அதே சிரிப்பு, ஐம்பது வருடம் பழையதாக. "அது என் ரகசியம். என்னோட சேர்ந்து மண்ணுக்குள்ள போகும்."

ஷூ சத்தம் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு நெட்டையனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான்.

"கவனிச்சியா?" என்றேன். "சொல்லத் துடிக்கிறார்."

இந்தக் கிண்டல் படங்கள் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். பெரிய குண்டுகளுக்கு உலகமே பயந்துகொண்டிருந்த காலத்தில் எடுத்தவை. அந்தப் பயத்தை எடுத்து அதற்கு ஒரு கோணல் தொப்பி மாட்டிவிட்டார்கள். நிஜ உளவாளிப் படத்தில் நாயகன் கெட்டிக்காரன். நாம் அவனைப் பார்த்து வாய்பிளக்க வேண்டும். கிண்டல் படத்தில் எவனும் கெட்டிக்காரன் இல்லை. பேனாவில் மறைத்த ஒலிவாங்கி மை கக்கும். காரிலிருந்து ஆளைத் தூக்கியெறியும் இருக்கை, ஓட்டுபவனையே எறியும். என்னைப்போல் நாலு பேர் முன்னால் பேச நா எழாதவர்களுக்கு இதில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. இங்கே உலகம் திறமையால் பிழைப்பதில்லை. வில்லன் வாயால் பிழைக்கிறது. டாக்டர் கண்ணாடி நினைத்தால் ஏஜென்ட் முக்காலை ஒரே நொடியில் முடித்துவிடலாம். முடிக்கமாட்டான். இத்தனை அழகான திட்டத்தைப் பாராட்ட ஒருத்தனாவது வேண்டாமா? கைகால் கட்டிப்போட்ட எதிரிதான் அவனுக்குக் கிடைத்த ஒரே ரசிகன்.

அன்று மாலை வீட்டில் அத்தை எங்கள் பழைய சோபாவில், வலது காதைத் தொலைக்காட்சிக்குக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அதே காலத்து வேறொரு கிண்டல் படம் ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கி முனையிலிருந்து ஒரு பூங்கொத்து எட்டிப்பார்த்தது. அத்தை தொடையைத் தட்டிச் சிரித்தாள்.

"வா பூனை" என்றாள். நடந்தால் சத்தம் கேட்காது என்பதால் நான் பூனை. "என்ன மூஞ்சி இது? எலிய விட்டுட்டு வந்தியா?"

"எலி இன்னிக்கு ஆபீசுக்கே வந்துச்சு அத்தை."

தொலைக்காட்சியை நிறுத்தினாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பைப் பற்றிச் சொன்னபோது அவள் முகம் மாறவில்லை. பேர் ஞாபகமில்லை என்றார் என்றபோது மட்டும் ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"மேசையத் தட்டவே இல்ல அத்தை. டேப்ல இல்ல."

"அது எனக்குத் தெரியாதா? நான் கேட்டது அதுவா? நகர்ந்தேனா இல்லையா?"

"டேப் சொல்லாது."

"அப்ப யாரு சொல்லுவா?"

"அன்னிக்கு அங்க இருந்தவங்கள்ல இப்ப உயிரோட இருக்கறது நீயும் அவரும்தான்."

அப்பா செய்தித்தாளை மடித்தார். அத்தைக்குத் தம்பி அவர். தன் பத்து வயதில், அக்கா வேலை போய் வீட்டுக்கு வந்ததைப் பார்த்தவர். சண்டை வரும்போதெல்லாம் அவருக்கு ஒரே ஆயுதம்தான். இப்போதும் அதையே எடுத்தார். "அன்னிக்கு நின்ன இடத்துல நின்னிருந்தா இவ்வளவு பேச்சு எதுக்கு?"

அத்தை இடது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "பூனை, ஏதோ சத்தம் கேக்குது. கொசுவா, உங்கப்பனா?"

நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். எங்கள் காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பித்த எந்தப் படமும் தொடங்கும் முன், அதைச் சரிசெய்தவர் எழுதிய நான்கு வரி திரையில் வரும். படம் எப்படி எடுக்கப்பட்டது என்ற தகவல் மட்டும். ஆதாரம் இருக்க வேண்டும், புகழ்ச்சி கூடாது. தலைமை அதிகாரி அம்மா தகவலைச் சரிபார்ப்பார், அவ்வளவுதான். இயக்குநராக இருந்தாலும் முன்கூட்டிக் காட்டமாட்டோம்.

"விசாரணைல அவரு சொன்னத அப்படியே போடப்போறேன்" என்றேன். "அதுதான் ஆதாரம் இருக்கற ஒரே தகவல்."

படித்துக் காட்டினேன். 'புகழ்பெற்ற அலறல், ஒலி அறைப் பணியாளர் ஒருவர் கவனக்குறைவாகத் தன் குறியை விட்டு நகர்ந்ததால் நேர்ந்த விபத்தில் பதிவானது.'

 அப்பா எழுந்தே விட்டார். "என்னடி இது! நம்ம வீட்டு மானத்த நீயே ஊர் முன்னாடி ஏலம் போடுவியா?"

"ஏன்டா குதிக்கற?" என்றாள் அத்தை. "நீ தினம் சொல்றதத்தான் அவ பெருசா எழுதிப் போடறா. உனக்குச் சந்தோஷம்தான?"

அப்பா உட்கார்ந்தார். அத்தை தாளை வாங்கி, கைநீட்டிய தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

"தப்பு" என்றாள்.

"என்ன தப்பு?"

"கவனக்குறைவுன்னு போட்டா அது என்னைத் திட்டற மாதிரி இருக்கு. அவனுக்கு உறைக்குமா? எவளோ ஒருத்தியத் திட்டறாங்கன்னு உக்காந்திருப்பான். அவனத் திட்டு. ஆனா திட்டற மாதிரி இருக்கக் கூடாது."

"எப்படி?"

"அந்த ஆளோட ரெண்டு வருஷம் வேலை பாத்திருக்கேன். திருடன்னு சொல்லு, தாங்கிக்குவான். குடிகாரன்னு சொல்லு, சிரிப்பான். ஒருநாள் மழைல தானா நல்லா அமைஞ்சுது ஒரு ஷாட். கேமராமேன் 'நம்ம அதிர்ஷ்டம் சார்'ன்னான். மறுநாள் அந்தக் கேமராமேன் இல்ல." விரலால் தாளைத் தட்டினாள். "அதிர்ஷ்டம்னு போடு. அவனே சொன்ன வார்த்தைதான அது?"

அந்த இடத்தில் எனக்கு அத்தை மேல் கொஞ்சம் பயமே வந்தது. சந்தோஷமான பயம்.

"சொல்லிட்டான்னா என்ன பண்ணப்போற அத்தை?"

"அவன் சொல்லட்டும் முதல்ல. நான் எதுவும் பண்ண வேண்டியதில்ல. அவன் வாய் பண்ணிக்கும்."

மறுநாள் தலைமை அதிகாரி அம்மா அந்த நான்கு வரிகளைப் படித்தார். விசாரணையின் நகலோடு ஒப்பிட்டார். "எல்லாம் சரியா இருக்கு. கொஞ்சம் வறட்சியா இருக்கு, பரவால்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

திரையிடல் அன்று அரங்கு நிறைந்திருந்தது. உளவாளிபோல் கறுப்புக் கண்ணாடியும் மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு ஒரு கூட்டம் வந்திருந்தது. ஒருவன் தலையில் பொய்முடி. நூல் கட்டி வைத்திருந்தான், சரியான நேரத்தில் பறக்கவிட. இயக்குநர் முதல் வரிசையில் மகளோடு உட்கார்ந்தார். நாங்கள் மூன்றாவது வரிசை. அத்தை மேடையை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, வலது காது மேடைக்கு நேராக வரும் நாற்காலியைப் பிடித்தாள்.

"நீ இந்தப் பக்கம் உக்காருடா" என்று அப்பாவை இடது பக்கம் உட்கார வைத்தாள். "எவ்வளவு வேணா பேசிக்கோ."

விளக்கு அணைந்தது. என் நான்கு வரிகள் திரையில் வந்தன.

'இப்படத்தின் புகழ்பெற்ற அலறல் இயக்கப்பட்டதல்ல. துப்பாக்கியைச் சோதித்தபோது ஒலி அறைப் பணியாளர் ஒருவர் தன் குறியை விட்டு நகர்ந்ததால் தற்செயலாக நேர்ந்தது. அப்போது இயக்குநர் அறையில் இல்லை. அதிர்ஷ்டவசமாக டேப் ஓடிக்கொண்டிருந்தது: கம்பெனி விசாரணையில் இயக்குநரின் வாக்குமூலம்.'

"அட, அதிர்ஷ்டமா!" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். ஒரு மெல்லிய சிரிப்பு அரங்கில் பரவியது.

முதல் வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கிறீச்.

படம் ஓடியது. நான் படத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்த வெள்ளைத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏஜென்ட் முக்காலின் நகைச்சுவைக்குச் சிரிக்கவில்லை. மகள் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னது. மகள் தலையை ஆட்டி மறுத்தார். சற்று நேரத்தில் மறுபடி கிறீச். ஒரு மனிதர் இருட்டில் வேகும் சத்தம் இப்படித்தான் இருக்குமென்று அன்று தெரிந்துகொண்டேன். அதை இன்னொரு ரீல் நீளம் கேட்டிருந்தாலும் எனக்கு அலுத்திருக்காது.

மேடம் மௌனத்தின் காதருகே துப்பாக்கி வெடித்தது. அரங்கமே சேர்ந்து அலறியது. நூலில் கட்டிய பொய்முடி பறந்தது. நான் அத்தையின் கையைப் பிடித்தேன். அவள் அலறவில்லை. காதைப் பொத்தவும் இல்லை. நடிகையின் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் சில்லென்று இருந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் இயக்குநரை மேடையில் உட்கார வைத்தார்கள். தலைமை அதிகாரி அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் அறியாமல் முதல் கேள்வியைக் கேட்டார்.

"இவ்வளவு பெரிய காட்சி தற்செயலா அமைஞ்சதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது. எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் சார்!"

"அதிர்ஷ்டம்லாம் ஒண்ணும் இல்ல" என்றார் இயக்குநர். "அடுத்த கேள்வி."

மழைக்கோட்டுக்காரன் ஒருவன் எழுந்தான். "சார், மத்த காட்சியெல்லாம் நீங்க யோசிச்சு எடுத்தது. ஆனா நிக்கறது என்னவோ யோசிக்காம வந்த ஒரு காட்சிதான். இத நினைச்சா வருத்தமா இருக்குமா சார்?"

இயக்குநர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமல் மூடினார். "யாரு யோசிக்காம வந்துச்சுன்னது?"

"ஸ்கிரீன்ல போட்டிருந்தாங்களே சார்."

"ஸ்கிரீன்ல ஆயிரம் போடுவாங்க."

நான் கையைத் தூக்கினேன். வாழ்க்கையில் இரண்டாவது முறை. மைக் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எழுந்து நின்றேன். 

"நான்தான் சார் அத எழுதினது. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க." என் குரல் அரங்கின் ஒலிபெருக்கிகளில் மெல்லியதாக வந்தது. கூச்சமான குரல்தான். அதை மறைக்க முயலவில்லை. "நீங்க விசாரணைல சொன்னதத்தான் எழுதினேன். நீங்க மேல கண்ணாடி ரூம்ல இருந்தீங்க. கீழ அந்தப் பொண்ணு தானா நகர்ந்து போச்சு. துப்பாக்கி தானா வெடிச்சுது. டேப் தானா ஓடிட்டிருந்துச்சு. அப்ப... அந்த அலறல்ல நீங்க பண்ணினது எதுவுமே இல்லையா சார்?"

அரங்கில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பரிதாபப்படும் ஒலி. அவர் முகத்தில் அது அறைந்ததைப் பார்த்தேன்.

முதல் வரிசையில் மகள் பாதி எழுந்துவிட்டார். அப்பாவின் கண்ணைப் பிடிக்க முயன்றுகொண்டே, உதட்டில் விரலை வைத்தார். 

இயக்குநர் மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்த அத்தையைக்கூடப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. மைக்கைத் தாங்கியிலிருந்து பிடுங்கினார்.

"தானா ஓடுமாம்மா டேப்பு? யாராவது ஓட்டினாத்தான ஓடும்? நான்தான் ஓட விட்டுட்டுக் கீழ வந்தேன். அதிர்ஷ்டமாம்! பத்து நடிகைகள வச்சு அலறச் சொன்னேன். ஒருத்திக்கும் வரல. எல்லாம் நடிப்பு. எனக்கு நிஜம் வேணும். ஒருத்திக்குத் தெரியாம இருந்தாத்தான் நிஜம் வரும்னு கண்டுபிடிச்சவன் நான். முந்தின ராத்திரி தூங்காம யோசிச்சு வச்ச திட்டம் அது."

"அப்பா!"

"சும்மா இரும்மா. ஐம்பது வருஷமா சும்மா இருந்தாச்சு." அவர் கண்கள் பளபளத்தன. இப்போது அவர் முன்னால் ஓர் அரங்கமே இருந்தது, மூச்சு விடாமல். "மேல கண்ணாடி ரூம்ல யாரு இருந்தா? காலியா இருந்துச்சு. என் ஷூ சத்தம் போடும்னு வாசல்லயே கழட்டி வச்சேன். துப்பாக்கிக்காரன் கைல இருந்து துப்பாக்கிய வாங்கினேன். மேசையத் தட்டப் போனான், கையப் பிடிச்சு நிறுத்தினேன். வெறுங்கால்ல அந்தப் பொண்ணு பின்னால போய் நின்னேன். அது திரையப் பாத்துட்டிருந்துச்சு."

அத்தை என் கையை விட்டுவிட்டு, வலது காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்தாள். அவள் இடது பக்கத்தில் அப்பா வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போய், சொல்லாமல் விட்டார்.

"காதோரம் வச்சு நான்தான் சுட்டேன்" என்றார் இயக்குநர். "தானா நகர்ந்து போச்சாம்! எங்க நகர்ந்துச்சு? அந்தப் பொண்ணு குறிய விட்டு ஒரு அங்குலம்கூட நகரல."